படைவீரர் பாதமும் பதிவேடும்

போர் வரலாறு எழுதுவோர் மன்னரையும் தளபதியரையும் எழுதுவர். கோட்டையையும் கொடியையும் எழுதுவர். அக்கொடியைச் சுமந்து நடந்த கால்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. குண்டடி பட்டவன் வீரன் எனப் போற்றப்படுகிறான். குளிரிலும் சேற்றிலும் நின்று பாதம் கெட்டவனுக்குப் பதக்கம் இல்லை. அவன் ஊர் திரும்பி விந்தி விந்தி நடக்கும்போது, 'இது போரினால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா?' என்று அவனையே திருப்பிக் கேட்பது அரசாங்கத்தின் வழக்கமாக இருந்து வந்துள்ளது.

அக்கேள்வியை எதிர்த்து அமெரிக்க நாட்டு முன்னாள் படைவீரர் பல தலைமுறைகளாக நடத்தி வரும் மேல்முறையீடுகளின் வரலாற்றை இக்கட்டுரையில் சுருங்கக் கூற முற்படுகிறோம். நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அயல்நாட்டுப் படைவீரரின் கால் நோய்க்கு என்ன இடம் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடை இவ்வரலாற்றிலேயே உள்ளது. மருத்துவர் எழுதிய ஒரு சொல் ஒருவனது வாழ்நாள் உரிமையைத் தடுத்தது. எழுதாமல் விட்ட ஒரு சொல்லுக்காக இன்னொருவன் பல்லாண்டுகள் போராடினான். 'என் கால் வலிக்கிறது' என்று பாதிக்கப்பட்டவன் சொல்வதும் சாட்சியமே என்று இறுதியில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எழுத்தறிவின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறுகள் அரிது.

கால் கெடும் வழிகள்

மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை உள்ளங்காலில் வில்லைப்போல் வளைந்து நின்று உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியும் சுமந்து, கடினமான காலணியுடன் நாள்தோறும் பல கல் தொலைவு நடக்கும்போது அவ்வளைவு சிலருக்குத் தாழ்ந்து, பாதம் முழுவதும் தரையில் படிகிறது. இதனையே தட்டைப் பாதம் என்கிறோம். பிறவியிலேயே தட்டைப் பாதம் உடையோரும் உளர். அவர்களுள் பலர் யாதொரு வலியுமின்றி வாழ்நாளைக் கழிக்கின்றனர். ஆனால் வளைவு தாழ்ந்ததோடு வலியும் வீக்கமும் காய்ப்பும் சேர்ந்துவிடின், நிற்பதும் நடப்பதும் துன்பமாகிவிடும். குதிகால் வலி, கால் ஆணி, பெருவிரல் கோணல் ஆகியவையும் இவ்வாறு வருவனவே.

இரண்டாவது பகை குளிரும் ஈரமும் ஆகும். 1914-18 முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டுப் பதுங்கு குழிகளில் படைவீரர்கள் நாட்கணக்கில் நீரிலும் சேற்றிலும் நின்றனர். நீர் உறைய வேண்டுவதில்லை, குளிர்ந்திருந்தாலே போதும். இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பாதம் மரத்துப்போகும், பின் வீங்கும், கொப்புளம் கண்டு கறுக்கும், முற்றினால் அழுகிவிடும். இதற்கு 'அகழிப் பாதம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1914-15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 20,000க்கு மேற்பட்டோர் இதற்காக மருத்துவம் பெற்றனர். காலுறையை நாள்தோறும் மாற்றுதல், திமிங்கில எண்ணெய் பூசுதல், ஒருவர் காலை மற்றொருவர் பார்வையிடுதல் ஆகிய முறைகள் அதன் பின்னரே கட்டாயமாக்கப்பட்டன.

கற்ற பாடம் அடுத்த போரில் மறக்கப்பட்டது. 1944-45 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்கப் படையினருள் 45,000க்கு மேற்பட்டோர் குளிரால் பாதம் கெட்டு மருத்துவமனை சேர்ந்தனர். ஈரம் புகாத காலணிகள் போர்முனையை அடையக் காலம் தாழ்ந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணம். 1950ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் திங்கள்களில் கொரிய நாட்டின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் நடந்த போர் இன்னும் கொடியது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் சரிந்தது. அணிந்திருந்த இரப்பர் காலணிக்குள் நடக்கும்போது வியர்வை தேங்கும். நின்றவுடன் அவ்வியர்வையே பனிக்கட்டியாகும். அப்போரில் ஒரே ஒரு கடற்படைக் காலாட்பிரிவில் போர்க்காயமன்றிப் பிற காரணங்களால் வீழ்ந்தோர் 7,000க்கு மேற்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பனிக்கடிக்கு ஆளானவர்களே.

மூன்றாவது பகையை நம் ஊரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. அது சேற்றுப்புண். வியட்நாம் போரில் மெக்காங் ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களில் அமெரிக்கப் படைவீரர்கள் நாட்கணக்கில் நடந்தனர். அந்நீர் குளிர்ந்ததன்று, ஆயினும் தோல் ஊறி வெளுத்துச் சுருங்கியது, காலூன்ற முடியாத எரிச்சல் உண்டாயிற்று, விரலிடுக்குகளில் பூஞ்சையும் கிருமியும் குடிபுகுந்தன. படை மருத்துவர்கள் அதற்கு 'நெல்வயல் பாதம்' என்றே பெயரிட்டனர். 1968-69இல் அங்கிருந்த ஒன்பதாவது காலாட்படைப் பிரிவு ஆராய்ந்து பார்த்து, 48 மணி நேரத்துக்கு மேல் ஒருவனை வயல்நீரில் நிறுத்தலாகாது என வரம்பு கட்டியது.

போரின் முடிவில் தொடங்கும் துன்பம்

குளிரில் கெட்ட பாதம் ஆறிவிட்டதுபோல் தோன்றும். இளமையில் அவன் மீண்டும் நடப்பான், வேலைக்கும் செல்வான். பல்லாண்டுகள் கழிந்து முதுமை நெருங்குகையில் மரமரப்பும், சிறு குளிரையும் தாங்காத வலியும், நகச் சிதைவும், மூட்டு வாதமும் தலைகாட்டும். தட்டைப் பாதமும் அவ்வாறே மெல்ல மெல்ல முற்றுவது. ஆகவே நோய் நேர்ந்த நாளுக்கும் உதவி கேட்கும் நாளுக்கும் இடையே 20, 30, 50 ஆண்டுகள்கூடக் கடந்துவிடுகின்றன. இவ்வழக்குகள் அனைத்தின் சிக்கலும் இவ்விடைவெளியிலேயே உள்ளது.

அமெரிக்காவில் போரில் ஊனமுற்றோர்க்கு ஓய்வூதியம் வழங்கும் விரிவான சட்டம் 1862இல், அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது இயற்றப்பட்டது. அதன்பின் பல சட்டங்கள் வந்தன. 1930இல் முன்னாள் படைவீரர் நிருவாகம் என்னும் ஒரே அமைப்பு உருவாயிற்று. 1989இல் அது தனித் துறையாக உயர்ந்தது. உதவித்தொகை கேட்போன் மூன்றனை மெய்ப்பிக்க வேண்டும். இப்பொழுது உடற்குறை உண்டு என்பது ஒன்று. படைப்பணியின்போது ஒரு நோயோ காயமோ நிகழ்வோ நேர்ந்தது என்பது இரண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது மூன்று. சொல்வதற்கு எளியவை; மெய்ப்பிப்பதற்கு அரியவை.

பனிக்கொட்டும் மலையில் பகைவர் சூழ நிற்பவன் மருத்துவரிடம் சென்று சீட்டு எழுதி வாங்கி வைத்திருக்க இயலுமா? காலில் வலி என்று அடிக்கடி முறையிடுபவனைக் கோழை என்று ஏசும் இடத்தில் எத்தனை பேர் வாய் திறப்பர்? பணி முடிந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவர் 'பாதம் இயல்பானது' என்று எழுதினால், ஊர் போய்ச் சேரும் ஆசையில் எவன் மறுத்துப் பேசுவான்? முப்பது ஆண்டுகள் கழித்து அவ்வொரு வரியே அவனுக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நிற்கும்.

சேர்ந்த நாளில் எழுதிய சொல்

தட்டைப் பாத வழக்குகளில் மற்றொரு முட்டுக்கட்டையும் உண்டு. படையில் சேரும் நாளில் மருத்துவர் காலைப் பார்க்கிறார். வளைவு சற்றுத் தாழ்ந்திருப்பின் 'தட்டைப் பாதம். வலி இல்லை' என்று குறித்து, தகுதியுடையவன் என்றும் எழுதிச் சேர்த்துக்கொள்கிறார். நடக்கவும் சுமக்கவும் தகுதியுடையதாக இருந்த அப்பாதமே, உழைத்துக் கெட்டபின் உதவி கேட்கும்போது, 'முன்னரே இருந்த குறை' ஆகிவிடுகிறது.

இதற்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ள நெறியை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சேரும் நாளில் ஒரு குறையும் குறிக்கப்படவில்லையெனில், அவன் நலமுடன் சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். அதனை மறுப்பதற்கு அரசே ஐயத்துக்கிடமற்ற சான்று காட்டக் கடமைப்பட்டது. நோய் முன்னரே இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. படைப்பணியினால் அது மிகவில்லை என்பதனையும் காட்டவேண்டும். இவ்விரண்டாம் பகுதியை அரசு பலகாலம் புறக்கணித்து வந்தது. 2004இல் வாக்னர் என்பார் வழக்கில் மேல்நீதிமன்றம் இரண்டும் இன்றியமையாதன என்று உறுதிசெய்தது.

சேரும் நாளிலேயே குறை குறிக்கப்பட்டிருந்தால் வழி அடைபட்டதா எனின், இல்லை. பணிக்காலத்தில் அது மிகுந்தது என்று காட்டினால் போதும்; அம்மிகுதி நோயின் இயல்பான வளர்ச்சியே என்று கூற விரும்பினால் அரசுதான் அதனைத் திட்டவட்டமாக நிறுவவேண்டும். எனவே 'முன்னரே இருந்தது' என்ற ஒரு சொல்லோடு வழக்கு முடிவதில்லை. இதனை அறியாமல் முதல் மறுப்புக் கடிதத்தோடு மனம் தளர்ந்து வீடு சென்றோர் எண்ணற்றவர்.

அடைபட்ட கதவு

மறுக்கப்பட்டவன் எங்கே செல்வான்? 1933இல் பொருளாதாரச் சிக்கலைக் காரணம் காட்டி இயற்றப்பட்ட சட்டம் படைவீரர் உதவித்தொகைகளைக் குறைத்தது. நிருவாகத்தின் முடிவே இறுதி முடிவு, நீதிமன்றம் அதில் தலையிடலாகாது என்றும் விதித்தது. அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் ஆணையால் மேல்முறையீட்டு வாரியம் ஒன்று அமைந்தது. ஆயினும் மறுத்த நிருவாகத்தின் உள்ளேயே அவ்வாரியமும் இருந்தது. அதற்கு மேல் முறையிட இடமில்லை.

வழக்கறிஞர் உதவியும் அரிதாக இருந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படைவீரரின் உதவித்தொகை வழக்குக்கு வழக்கறிஞர் 10 டாலருக்கு மேல் கட்டணம் பெறலாகாது. ஏமாற்றுக்காரரிடமிருந்து படைவீரரைக் காப்பதே அதன் நோக்கம். 1864இல் 10 டாலர் என்பது மதிப்புடைய தொகை. நூறாண்டு கழிந்தும் அதே 10 டாலர் என்றால் எந்த வழக்கறிஞர் முன்வருவார்? காப்பதற்கு எழுந்த வேலியே சிறையாயிற்று. 1985இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அவ்வரம்பு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கட்டணமின்றி உதவிய முன்னாள் படைவீரர் சங்கங்களே பலருக்கும் துணையாயின.

1973ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் மற்றொரு பேரிடர் நேர்ந்தது. செயின்ட் லூயி நகரை அடுத்து இருந்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 இறுதி வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் ஆவணங்களில் 80 விழுக்காடு சாம்பலாயின. அவற்றுக்குப் படியும் இல்லை. இரண்டு உலகப்போர்களிலும் கொரியப் போரிலும் கால் கெட்டவர்கள் தங்கள் துன்பத்துக்கு எழுத்துச் சான்றாக நம்பியிருந்தவை அந்தத் தாள்களே. அரசின் காவலில் இருந்த சான்று அரசின் கட்டடத்தில் எரிந்தது. ஆயினும் சான்று எங்கே என்ற கேள்வி படைவீரனை நோக்கியே வந்தது.

கதவு திறந்த கதை

பல்லாண்டுக் கிளர்ச்சியின் பயனாக 1988இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. படைவீரர் மேல்முறையீடுகளுக்கெனத் தனி நீதிமன்றம் அமைந்தது. 10 டாலர் வரம்பு நீங்கி, நியாயமான கட்டணத்துக்கு வழக்கறிஞரை அமர்த்த வழி பிறந்தது. வாரியம் தன் முடிவுக்கான காரணங்களையும் அடிப்படைகளையும் எழுத்தில் தரவேண்டும் என்பதும் சட்டமாயிற்று. காரணம் சொல்லாத மறுப்பை எதிர்த்து வாதாட முடியாது. எழுதப்பட்ட காரணத்தையே தவறென்று காட்ட முடியும். ஆதலின் இவ்விதி மற்றவற்றைவிடச் சிறந்தது என்று நாம் கருதுகிறோம்.

1990இல் கில்பர்ட் என்பார் வழக்கில் அந்நீதிமன்றம் ஒரு நெறியை விளக்கியது. இருபுறச் சான்றும் ஏறத்தாழச் சமமாக நின்றால் தீர்ப்பு படைவீரனுக்கே சார்பாக அமையவேண்டும். துலாக்கோலின் முள் நடுவில் நின்றால் ஐயத்தின் பயன் அவனுக்கே உரியது. 1991இல் மற்றொரு வழக்கில், ஆவணங்கள் அரசின் காவலில் அழிந்துபோன இடத்து, ஐயத்தின் பயனைக் கருதிப் பார்க்கவும் காரணங்களை விளக்கவும் வாரியத்துக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று கூறப்பட்டது. உடனிருந்த தோழரின் வாக்குமூலம், வீட்டுக்கு எழுதிய பழைய கடிதம், படைப்பிரிவின் நாட்குறிப்பு ஆகியன எரிந்த தாளுக்கு ஈடாக முன்வைக்கப்பட்டன. போர்முனையில் நின்றவன் தனக்கு நேர்ந்ததைத் தானே கூறினால், அக்கூற்று அச்சூழலுக்குப் பொருந்துமாயின், ஆவணம் இல்லையென்று தள்ளலாகாது என 1941ஆம் ஆண்டிலேயே எழுந்த விதி ஒன்று இருந்தது. சோசின் வீரர்களுக்கு அது கைகொடுத்தது.

1995ஆம் ஆண்டு ஃபால்சோன் என்பாருடைய வழக்கு தட்டைப் பாதத்தைப் பற்றியதே. தம் காலின் நிலையை அவரே கூறியதை ஏற்கலாமா, அதற்கு மருத்துவர்தான் வேண்டுமா என்ற வினா எழுந்தது. பாதம் தட்டையாக இருப்பது கண்ணுக்குத் தெரிவது. வலி அவரவர் உணர்வது. இவ்விரண்டையும் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை என்று நீதிமன்றம் கொண்டது. நோயின் காரணத்தை ஆராய மருத்துவர் வேண்டும். நோவு இருக்கிறது என்று சொல்ல நொந்தவனே போதும். பாமரன் வாய்ச்சொல்லுக்கும் சட்டத்தின் முன் எடை உண்டு என்பதை நிலைநாட்டிய தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று.

1998 சனவரியில் குளிரால் கெட்ட உறுப்புகளுக்குரிய மதிப்பீட்டு விதி திருத்தப்பட்டது. பல்லாண்டு கழித்துத் தோன்றும் மரமரப்பு, குளிர் தாங்காமை, நகச்சிதைவு, எலும்பு மாற்றம் ஆகியன அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு பாதத்துக்கும் நோயின் அளவுக்கேற்ப 10, 20, 30 விழுக்காடு எனத் தனித்தனியே மதிப்பிடப்படும். இவற்றைக் கூட்டும் கணக்கும் வேறு. இரு பாதங்களுக்கும் 30 வீதம் என்றால் 60 என்று நேராகக் கூட்டுவதில்லை. முதல் 30 போக எஞ்சிய 70இல் 30 விழுக்காடு 21, ஆக 51. இருபக்க உறுப்புகளும் கெட்டமையால் அதில் பத்தில் ஒரு பங்கு சேர்க்க 56.1. அண்மைப் பத்தாக்கினால் 60. கணக்கு அறிந்தவனுக்கே தனக்குரியது சரியாக வந்ததா என்பது தெரியும்.

தட்டைப் பாதத்துக்குரிய அட்டவணை இன்னும் நுட்பமானது. காலணிக்குள் வைக்கும் தாங்கு அட்டையால் நோவு நீங்குமாயின் உதவித்தொகை இல்லை. நடுத்தர நிலைக்கு 10 விழுக்காடு. இரு பாதங்களிலும் வெளிப்படையான உருக்கோணலும், மிகுந்த வலியும், நடந்தபின் வீக்கமும், அந்நோய்க்கே உரிய காய்ப்பும் இருப்பின் 30. தனிக் காலணியாலும் பயனின்றி, உள்ளங்கால் தொடமுடியாத அளவு நோவு கண்டால் 50. ஆய்வு செய்யும் மருத்துவர் வீக்கத்தையும் காய்ப்பையும் குறிக்க மறந்தால் 30 என்பது 10 ஆகிவிடும். ஆகையால் மேல்முறையீட்டுக்குச் செல்வோர் முதலில் செய்ய வேண்டுவது அம்மருத்துவ அறிக்கையின் படியைப் பெற்று வரிவரியாகப் படித்துப் பார்ப்பதே.

2018இல் சாண்டர்ஸ் என்னும் முன்னாள் படைவீராங்கனையின் முழங்கால் வலி வழக்கில், நோயின் பெயர் தெளிவாகாவிடினும் செயலைத் தடுக்கும் வலியே இயலாமையாகக் கருதத்தக்கது என மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரில்லாக் கால்வலியோடு வாழ்ந்தோர்க்கும் இதனால் வழி திறந்தது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் மறுக்கப்பட்டவனுக்கு மூன்று வழிகளை வகுத்துள்ளது. உயர் அலுவலரின் மறு ஆய்வு கேட்கலாம். புதிய, பொருத்தமான சான்றுடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம். நேரே வாரியத்துக்கு முறையிடலாம். உதவித்தொகையின் தொடக்க நாளை இழவாதிருக்க ஓராண்டுக்குள் இவற்றுள் ஒன்றனை மேற்கொள்ளவேண்டும்.

ஒரே குளிர், இருவேறு நீதி

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி கறுப்பின வீரரைப் பற்றியது. உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின மக்கள் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். ஓய்வூதியச் சட்டத்தில் நிறவேறுபாடு எழுதப்படவில்லை. ஆனால் சட்டம் கேட்ட சான்றுகள் யாவும் எழுத்துச் சான்றுகள். அடிமையின் பிறப்பை எவரும் பதிவு செய்யவில்லை. அவன் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. எழுதப் படிக்கக் கற்பிப்பதே தென்மாநிலங்கள் பலவற்றில் குற்றமாயிருந்தது. எழுத்தை மறுத்த சமுதாயமே பின்னர் எழுத்தைக் கேட்டது. இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுமோ?

1944இல் இயற்றப்பட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டமும் பொதுவானதே. அதனைச் செயற்படுத்தும் அதிகாரம் உள்ளூர் அலுவலர் கையில் இருந்தமையால் தென்மாநிலக் கறுப்பின வீரர் பலர் உரிய பயன் பெறவில்லை. விண்ணப்பம் எழுதித் தரும் படைவீரர் சங்கங்களின் கிளைகள்கூட அங்கு நிறத்தால் பிரிந்து கிடந்தன. 1948இல் படையில் நிறப்பிரிவினை ஒழிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டார். ஆயினும் 1950இல் கொரியாவின் குளிரில் கறுப்பினத்தாரின் 24ஆவது காலாட்படை தனிப்படையாகவே நின்றது. பனி நிறம் பார்க்கவில்லை, அலுவலகம் பார்த்தது. உதவித்தொகை வழங்கலில் இன வேற்றுமை இன்றளவும் காணப்படுவதை அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே 2023இல் எடுத்துக்காட்டி, அதன் காரணங்களை ஆராயுமாறு வலியுறுத்தியுள்ளது.

நம் நாட்டு நிலை

இந்திய நாட்டிலும் இவ்வினா எழாமல் இல்லை. தரம்வீர் சிங் என்பாரின் வழக்கில் 2013ஆம் ஆண்டு சூலையில் நம் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு முன்னாள் படைவீரர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லையெனில் அவர் நலமுடன் சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும். நோய் பணியினால் வந்ததன்று என மெய்ப்பிக்கும் சுமை அவருடையதன்று. அவ்வாறு கூறும் மருத்துவக் குழு காரணம் எழுதவேண்டும் என்பன அதன் சாரம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலும் உள்ளது. ஓய்வூதிய விதிகள் அவ்வப்போது மாற்றப்பட்டு வந்துள்ளமையால், பணி விலகிய ஆண்டுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை முதலில் அறிந்து முறையிடல் வேண்டும்.

படைப்பணிக்கும் நம் எழுச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தவர். படையில் கிடைத்த எழுத்தறிவே மகார் குடும்பங்கள் பலவற்றில் முதல் விளக்கை ஏற்றியது. 1890களில் மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டபோது, அதனை எதிர்த்து மனு எழுதியோருள் முன்னின்றவர் ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வாலங்கர். படையில் கற்ற எழுத்தே அவர் கையில் மனுவாயிற்று.

மற்றொன்றும் சிந்திக்க வேண்டும். அமெரிக்க வீரன் நெல்வயல் நீரில் 48 மணி நேரம் நின்றதைக் கணக்கெடுத்தனர். அதனால் வந்த கேட்டுக்குப் பெயரிட்டனர். ஊர் திரும்பியபின் உதவித்தொகை கேட்கும் உரிமையும் அவனுக்கு இருந்தது. நம் தாய்மாரும் பாட்டிமாரும் நடவுக்காலம் முழுவதும் அதே நீரில் நின்றவர்கள். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்கியவர்கள். அவர்கள் பாதத்தை எந்தப் பதிவேடு கண்டது? எந்த மருத்துவர் காய்ப்பையும் வெடிப்பையும் எழுதினார்? எழுதப்படாமையால் அத்துன்பம் இல்லாததாகிவிடவில்லை. கேட்கும் வழிதான் இல்லாமற் போயிற்று.

இளைஞர்க்கு

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு படி நம் கையில் இருக்கவேண்டும். அரசின் காப்பகமும் எரியும் என்பதைக் கண்டோம். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். மேல்முறையீட்டுக்குரிய கெடு நாளை முதலிலேயே குறித்துக்கொள்ளவேண்டும். நோயோ காயமோ பணியிடத்தில் நேர்ந்தால் அன்றே எழுதி வைத்தலும், உடனிருந்தோர் பெயரைக் குறித்தலும் இன்றியமையாதவை. 'முன்னரே இருந்தது', 'உமக்கு உரிமை இல்லை' என்னும் சொற்களை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் கூடாது. அவற்றை நிறுவும் சுமை யாருடையது என்று சட்டத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

நம் தெருக்களில் ஓய்வுபெற்ற படைவீரர், துப்புரவுப் பணியாளர், தோட்டத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் எத்தனையோ பேர் உளர். அவர்கள் வீட்டுப் பெட்டியில் படிக்கப்படாத கடிதம் ஒன்றேனும் கிடக்கும். நம் கழகத்தின் உதவியால் பள்ளியிறுதியும் பட்டமும் முடித்த இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அம்மூத்தோர் அருகே அமர்ந்து, அக்கடிதத்தைப் படித்துச் சொல்லி, மறுமொழி எழுதித் தருவார்களாயின், இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் வளர்த்த கல்வி தன் கடமையைச் செய்ததாகும். மனு எழுதத் தெரிந்த ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊரில் இல்லை என்ற நிலையை அடுத்த விழாவுக்குள் எய்துவோமாக.